ஒரு பையனைக் காலேஜுக்கு அனுப்பிய மொட்டைக் கடிதம்

போன செவ்வாய்க்கிழமை தபாலில் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நம் வாசகர்தான். தாலுகா கச்சேரியில் கிளார்க். 'சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் பிள்ளைகளைக் காலேஜில் படிக்க வைக்க உங்கள் ஊரில் ஒரு நிதி நடக்கிறதாமே! இங்கேயும் ஒன்று ஆரம்பிக்கப் போகிறோம். உங்கள் விதிகளின் நகல் ஒன்று அனுப்பினால் பெரிய உபகாரம்.'

அனுப்பிவிட்டேன். மொத்தமே அரைப் பக்கம்தான். ஆனால் அந்த அரைப் பக்கம் வந்த கதை தெரியாமல் விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? கதையை அவருக்கு மட்டும் எழுதுவானேன்... உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — பத்திரிகைக்கு எழுத வருவதற்கு முன் முப்பது வருஷம் நான் ஒரு தாலுகா கச்சேரியில் பேனா பிடித்தவன். ஹெட் கிளார்க்காக இருந்து பென்ஷன் வாங்கினவன். எந்தத் தாலுகா என்று கேட்காதீர்கள். கதையில் வருகிறவர்களின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

பென்ஷன் வாங்கின கையோடு ஆரம்பித்ததுதான் இந்த நிதி. சம்பள நாளில் ஆளுக்கு இயன்றதைப் போடுவது. வருஷத்துக்கு ஒரு பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்புவது. கிளார்க்கும் போட்டார், சேவகரும் போட்டார். தாசில்தார் தலைவர் — பெயருக்கு. நான் காரியதரிசி. சேவகர்களுக்கெல்லாம் தலைவரான டபேதார் காதர் மீரான் கமிட்டி மெம்பர். மேலப்பாளையத்துக்காரர். வாயைத் திறந்தால் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

விண்ணப்பப் பாரத்தை நான்தான் எழுதினேன். வேறு யார் எழுதுவது? இந்த ஜில்லாவில் டிராப்ட் எழுதுவதில் என்னை அடிக்க ஆள் கிடையாது என்பது என் அந்தரங்க அபிப்பிராயம். 'அடியில் கையொப்பமிட்ட நான் பரம ஏழை என்றும், என் மகனைப் படிக்க வைக்க யாதொரு வகையும் அற்றவன் என்றும் இதனால் உறுதி கூறுகிறேன்...' கீழே இரண்டு சாட்சி. கிராம முன்சீப் சர்டிபிகேட். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: விண்ணப்பம் பதினைந்து நாள் கச்சேரி நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும், ஆட்சேபணை உள்ளவர்கள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்!

பட்டா மாற்றத்துக்கு அப்படித்தானே செய்கிறோம்? நிலத்துக்குச் சரியானது பிள்ளைக்குச் சரியாக இருக்காதா? எனக்கு அப்போது அப்படித்தான் தோன்றியது. இரண்டு தடவை படித்துப் பார்த்து என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு தகரப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுக் கச்சேரி வராந்தாவில் வைத்தோம். மாதக் கடைசியில் திறந்தோம். வந்து குவிந்திருக்கும் விண்ணப்பங்களைக் கட்டுவதற்கு நூல் உருண்டை வேறு கையில் கொண்டுபோயிருந்தேன். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? இரண்டு கரப்பான் பூச்சி.

"என்ன மீரான், கச்சேரியில ஒருத்தனுக்குமா பிள்ளை இல்லை?" என்றேன்.

காதர் மீரான் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். "அண்ணாச்சி, உங்க பாரத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். எங்க வாப்பா மவுத்தான அன்னைக்குக்கூட எங்க வீட்டுல இம்புட்டு ஒப்பாரி கேக்கலை. இதை எழுதி, ஊரே பாக்க போர்டுல வேற ஒட்டணுமாக்கும்? எவன் எழுதுவான்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் டிராப்டை ஒப்பாரி என்று அதுவரை யாரும் சொன்னதில்லை! ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்தேன். எங்கள் கச்சேரியில் பாதிப் பேர் ஒரு காலத்தில் வயலும் வரப்புமாக வாழ்ந்த குடும்பம். வயல் போய்விட்டது, மிடுக்கு மட்டும் போகவில்லை. அவர்கள் தங்கள் கையாலேயே 'பரம ஏழை' என்று எழுதுவார்களா? நான்தான் எழுதுவேனா? மாட்டேன். பிறகு எந்த மூளையை வைத்துக்கொண்டு அந்தப் பாரத்தை எழுதினேன்?

எல்லாவற்றையும்விட ஒரு பையனை நினைத்துத்தான் மனசு அடித்துக்கொண்டது.

சங்கரலிங்கம் பிள்ளை எங்கள் நகல் குமாஸ்தா. மற்றவர்கள் கிறுக்கி வைத்ததைப் பார்த்து அழகாக நகல் எழுதுவது அவர் உத்தியோகம். அச்சுக் கோத்த மாதிரி எழுத்து. முக்கூடல்காரர். அவர் மகன் உலகநாதன் அந்த வருஷம் மெட்ரிகுலேஷனில் பள்ளிக்கூடத்திலேயே முதல். கணக்கில் அவனைப் பார்த்து வாத்தியாருக்கே பயம். அவன் காலேஜில் சேர வேண்டிய பையன். ஆனால் சங்கரலிங்கம் பிள்ளையோ மகனுக்கு நாங்குநேரியில் ஒரு ஆக்டிங் கிளார்க் வேலைக்கு மனுப் போட்டுவிட்டார். ஆர்டர் எந்த நிமிஷமும் வரலாம். பதினேழு வயசில் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் பிறகு எங்கே காலேஜ்?

ஆளையே பிடித்துக் கேட்டேன். "சங்கரலிங்கம், பையனுக்கு ஒரு விண்ணப்பம் போடும்."

"எதுக்கு அண்ணாச்சி? எங்களுக்கு என்ன குறைச்சல்? எங்க பாட்டனார் நாள்ல ஆத்துப் பாசனத்துல இருபோகம் வெளஞ்ச வயலு..."

"அது பாட்டனார் நாளு. இப்போ?"

"இப்பவும் ஒண்ணும் குறைச்சல் இல்லை. படிச்சது போதும்னு பையனே சொல்லுதான். இல்லாதவங்க பிள்ளைக்குக் குடுங்க." சொல்லிவிட்டுப் பேனாவை மைக்கூட்டில் தோய்த்துக்கொண்டார். அதற்கு மேல் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்றைக்குக் கச்சேரியில் ஒவ்வொரு மேஜையாகப் போனேன். எல்லாரும் ஒரே பாட்டு: 'எனக்கு வேண்டாம் அண்ணாச்சி.' ஆனால் அடுத்த வரி என்ன தெரியுமா? குரலைத் தாழ்த்தி, 'அந்தா அவன் பிள்ளை இருக்கான் பாருங்க... படிக்க வேண்டிய பிள்ளை, பாவம்!'

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. அடுத்தவனைப் பற்றி எழுதுவதில் எங்கள் ஜில்லாவை மிஞ்ச ஆள் உண்டா? முப்பது வருஷத்தில் நான் படித்த மொட்டைக் கடிதங்களை அடுக்கினால் கச்சேரிக் கூரையைத் தொடும். பெயர் இருக்காது, ஊர் இருக்காது. விஷயம் மட்டும் அப்பழுக்கில்லாமல் இருக்கும். எந்தக் கர்ணம் யார் வீட்டில் கை நனைத்தார், எந்தச் சர்வேயர் யார் வரப்பைத் தள்ளி அளந்தார்... இத்தனை திறமையும் ஆளைக் கவிழ்ப்பதற்கு மட்டும்தானா? ஒருவனைத் தூக்கிவிட ஒரு மொட்டைக் கடிதம் எழுதினால் கை சுளுக்கிக்கொள்ளுமா?

மறுநாளே பழைய பாரத்தைக் கிழித்தேன். புது நோட்டீஸ் ஒட்டினேன். 'தன் பிள்ளைக்கு யாரும் எழுத வேண்டாம். கூட வேலை பார்க்கும் அடுத்தவர் பிள்ளைக்கு எழுதவும். எழுதுகிறவர் பெயர் வேண்டியதில்லை.'

"மொட்டைக் கடுதாசி போடுங்கன்னு சர்க்கார் கச்சேரியிலயே நோட்டீஸா!" என்று காதர் மீரான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சிரிக்கட்டும். பத்தே நாளில் பெட்டி நிறைந்துவிட்டதே!

பழைய கை அல்லவா, சிலர் பழக்கத்தை விடவில்லை. எங்கள் சர்வேயர் ஒருவருடைய மகனைப் பற்றி வந்த கடிதம், அவன் குணத்தையும் படிப்பையும் ஒரு பக்கத்துக்குப் புகழ்ந்துவிட்டு, 'தகப்பனைப் போல் அல்ல, நல்லவன்' என்று முடிந்தது. நானும் டபேதாரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பாதிக்கு மேல் உலகநாதனைப் பற்றித்தான். அவற்றில் ஒன்றைப் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. இன்னும் எனக்கு மனப்பாடம்.

'இந்தப் பையனுக்கு அல்ஜீப்ராப் புத்தகம் கிடையாது. கூடப் படிக்கிறவனிடம் இரவல் வாங்கி, அட்டை முதல் அட்டை வரை கையால் எழுதி வைத்திருக்கிறான். காலேஜ் என்று தகப்பனாரிடம் ஒரே ஒரு தடவை கேட்டான். அவர் பதில் சொல்லவில்லை. அதற்குப் பின் அவன் கேட்கவில்லை. தகப்பனார் கர்வி. நீங்களாகக் கொடுக்கப் போனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதை நம்ப வேண்டாம். அவருடைய கர்வத்துக்காகப் பையனைத் தண்டிக்க வேண்டாம். எனக்கு அவரைப் பிடிக்காது. இருந்தும் எழுதுகிறேன்.'

எழுதினது யார்? எனக்கா தெரியாது! எங்கள் கச்சேரியில் யார் எழுத்தையும் எட்டி நின்று பார்த்தே சொல்லிவிடுவேன். ஒன்றின்மேல் ஒன்று விழுந்து புரளும் அந்தக் கோணல் எழுத்து ஊர் அறிந்தது. கணக்குக் குமாஸ்தா ஆவுடையப்ப பிள்ளை!

நம்ப முடிகிறதா? சங்கரலிங்கம் பிள்ளைக்கும் ஆவுடையப்ப பிள்ளைக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சு கிடையாது. ஆவுடையப்ப பிள்ளை வீட்டுக் கலியாணத்தில், சங்கரலிங்கம் பிள்ளையைவிடச் சின்ன உத்தியோகஸ்தன் முதல் பந்தியில் சாப்பிட, அவரை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்களாம். அவ்வளவுதான். பக்கத்துப் பக்கத்து மேஜை. நடுவில் ஒரு ரிக்கார்டு அலமாரி. ஒருவருக்கு மற்றவரிடம் ஒரு தாள் வேண்டுமென்றால் 'தயவுசெய்து அனுப்பவும்' என்று சீட்டு எழுதிச் சேவகரிடம் கொடுப்பார்கள். அவர் அலமாரியைச் சுற்றிக்கொண்டு போய்க் கொடுப்பார். தினம் அஞ்சாறு சீட்டு. ஒன்பது வருஷம்!

அப்பேர்ப்பட்ட ஆவுடையப்பன் எழுதியிருக்கிறாரே என்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது. மனுஷனைப் பற்றி நான் நினைத்திருந்தது தப்பு என்று டபேதாரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

கடிதக் கட்டோடு தாசில்தாரிடம் போனோம். அன்று காலைத் தபாலில்தான் நாங்குநேரி ஆர்டரும் வந்திருந்தது. திங்கட்கிழமை உலகநாதன் வேலையில் சேர வேண்டும். சேராவிட்டால் இடம் வேறு ஆளுக்கு.

தாசில்தார் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். வெளியூர்க்காரர், ஜாக்கிரதைப் பேர்வழி. "பையன் விஷயம் சரி. ஆனால் பெயரில்லாத காகிதத்தை நம்பி முடிவு பண்ணினால், நாளைக்கு என்மேலேயே ஒரு மொட்டைக் கடிதம் போகும். இவ்வளவு பேரில் ஒருத்தராவது நேரில் வந்து, ஆமாம் நான்தான் எழுதினேன் என்று சொல்லட்டும். இல்லையென்றால் இந்த வருஷம் யாருக்கும் இல்லை."

பெயர் வேண்டாம் என்று வாக்குக் கொடுத்தவன் நான். அதை மீறலாமா? மீறக் கூடாதுதான். ஆனால் ஆர்டர் மேஜைமேல் கிடக்கிறதே! சத்தியத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த ஒரு கடிதத்தை உருவினேன். "எழுதினவர் யார் என்று எனக்குத் தெரியும்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "ஆவுடையப்ப பிள்ளை! இங்கன வாரும் வே!"

தாசில்தார் அறைக்குக் கதவு கிடையாது. கச்சேரி முழுக்கக் காது கொடுத்தது. ஆவுடையப்ப பிள்ளை ஒன்றும் புரியாமல் எழுந்து வந்தார். எனக்கு நேரே தெரிந்தது சங்கரலிங்கம் பிள்ளையின் முகம். வெளுத்துப்போயிருந்தது. பேனாவிலிருந்து மை சொட்டி, முக்கால் பக்கம் எழுதிய நகலின்மேல் பரவிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. எதிரி தன் பிள்ளைக்கு எழுதியிருக்கிறான் என்று தெரிந்து நெகிழ்ந்துபோய்விட்டார், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

"இது உம்முடைய எழுத்தா?" என்று தாசில்தார் கடிதத்தை நீட்டினார்.

ஆவுடையப்ப பிள்ளை கண்ணாடியை எடுத்து மாட்டினார். படித்தார். முதல் வரிக்குத் திரும்பி வந்து மறுபடியும் படித்தார். பிறகு தலையை நிமிர்த்தி, அலமாரிக்கு அப்பால் ஒரு பார்வை பார்த்தார். ஒன்பது வருஷத்தில் அவர் அந்தப் பக்கம் பார்த்து நான் பார்த்ததில்லை.

"எழுத்து உம்முடையதுதானா என்று கேட்டேன்."

"என் எழுத்துதான் எசமான். நான்தான் எழுதினேன்."

முடிந்தது காரியம்! தாசில்தார் கையெழுத்துப் போட்டார். சங்கரலிங்கம் பிள்ளையைக் கூப்பிட்டு, "உமக்கு ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார். "இல்லை எசமான்" என்று வந்த குரல் அவர் குரல் மாதிரியே இல்லை.

சாயங்காலம் வீடு திரும்பும்போது ஆற்றுப் பாலத்தில் ஆவுடையப்ப பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன். தாராளமாகப் பாராட்டினேன். பெருந்தன்மை, அது, இது என்று ஐந்து நிமிஷம் பொழிந்திருப்பேன். மனுஷன் கேட்டுக்கொண்டே நடந்தார். பிறகு பைய என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, அந்தக் கடுதாசியை நீங்க சரியாப் பாக்கலையோ?"

"ஏன் வே? உம்ம எழுத்துதானே?"

"எழுத்து என்னுதுதான். அந்தக் கோணலு, அந்தப் பொரளு எல்லாம் அச்சு அசல். ஆனா வரியைப் பாத்தீங்களா? ரூல் போட்ட மாதிரி நேரா ஓடுது. இடது பக்கம் நாலு விரக்கடை மார்ஜின் வேற விட்டிருக்கு. நான் என்னைக்கு அண்ணாச்சி மார்ஜின் விட்டேன்? கோணல் எழுத்தைக் கோணலா எழுதத் தெரிஞ்சுது, வரியைக் கோணலா விட மனசு வரலை. நகல் எழுதுத கை... அது போகுமா?"

நான் பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஒன்பது வருஷமாகத் தினம் அஞ்சாறு சீட்டு! அந்த எழுத்தை உலகத்தில் வேறு யார் அப்படிப் பார்த்திருப்பார்கள்? மகன் ஒரு தடவைதான் கேட்டான், அதற்குப் பின் கேட்கவில்லை என்பது அடுத்த மேஜைக்காரருக்கு எப்படித் தெரியும்? 'தகப்பனார் கர்வி' என்று எழுதினது யார் கை? முப்பது வருஷ அனுபவம் பேசுகிறேனே, இது ஏன் என் மண்டையில் ஏறவில்லை? மடையன், சுத்த மடையன்!

"நீரு மட்டும் இல்லைன்னு சொல்லியிருந்தா..." என்றேன்.

"அடுத்தவன் எழுத்தை எழுதுத நகல் குமாஸ்தாவைச் சர்க்கார் ஒரு நாள் வச்சிருக்குமா? அவன் வேலை போயிருக்கும். அந்த அவமானத்துக்குப் பின்னால பையனைக் காலேஜுலயும் சேக்க மாட்டாங்க, நாங்குநேரியிலயும் சேக்க மாட்டாங்க."

"அதுக்காக, எழுதாததை எழுதினேன்னு சொல்லிட்டீரே வே!"

ஆவுடையப்ப பிள்ளை ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அதுல எழுதியிருக்குத ஒவ்வொரு வார்த்தையும் நிஜம்லா அண்ணாச்சி. அந்தப் பையன் அப்பனுக்குச் சோத்துப் பாத்திரம் கொண்டுவருவான். கையில அந்த அல்ஜீப்ராத் தாளுங்க இருக்கும். பக்கத்துல உக்காந்து தினமும் பாக்கேன். நீங்க நோட்டீஸ் ஒட்டின அன்னைக்கே நான்தான் எழுதியிருக்கணும். வீம்பு... எழுதலை. நான் எழுதுவேன்னு அவன் பத்து நாள் பாத்திருப்பான். கடைசியில எனக்குப் பதிலா அவனே எழுதிட்டான்."

அவர் தோளில் கையை வைத்தேன். அப்படியே இருவரும் பாலத்தைக் கடந்தோம்.

உலகநாதன் காலேஜில் எப்.ஏ. படித்தான், பி.ஏ.வும் படித்தான். இன்று ஒரு ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். அடுத்தவர் பிள்ளைக்கு வருஷம் தவறாமல் ஒரு கடிதம் எழுதுகிறார்.

அந்தத் தாசில்தார் மாற்றலாகிப் போய் வெகு நாளாகிறது. இரண்டு பிள்ளைமாரும் பென்ஷன் வாங்கிவிட்டார்கள். இதை எழுதலாமா என்று கேட்டேன். "தாராளமா எழுதுங்க. என் எழுத்து நல்லா இருந்துச்சுன்னு போட்டாச் சரி" என்றார் ஆவுடையப்ப பிள்ளை. சங்கரலிங்கம் பிள்ளையோ, "அச்சாபீஸ்லயாவது மார்ஜின் ஒழுங்கா விடச் சொல்லுங்க" என்றார்.

இருவரும் இப்போது பேசிக்கொள்கிறார்களா என்றுதானே கேட்கிறீர்கள்? இல்லவே இல்லை! பென்ஷன் நாளில் ஒரே பெஞ்சில் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் ஒருவர் வரத் தாமதமானால் மற்றவர் காதர் மீரானிடம் பைய விசாரிப்பாராம் — "என்ன, இன்னும் காணலை? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

மொட்டைக் கடிதத்தை அந்த வருஷத்தோடு நிறுத்திவிட்டோம். இப்போது கையெழுத்தோடுதான் எழுத வேண்டும். ஆனால் தகப்பன் எழுதக் கூடாது, கூட வேலை பார்க்கிறவர்தான் எழுத வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. அம்பாசமுத்திரத்து நண்பர் நிச்சயம் கேட்பார்: 'யாருமே எழுதாமல் ஒரு நல்ல பிள்ளை விட்டுப்போய்விட்டால்?'

போகக் கூடாது ஐயா. போனால், விசாரணை பிள்ளையின்மேல் அல்ல — பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கிற நம்மேல்!